அரைநாள் சட்டி

ஓசூரில் பட்டு நூல் எடுக்கும் கொட்டகைப் பக்கம் முதல் தடவை போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இரண்டாம் தடவை வேறு தெருவாகச் சுற்றிப் போவார்கள். நூலை உருவிய பிறகு கூட்டுக்குள் மிஞ்சுகிற புழு வெந்து, ஊறி, கிளப்புகிற நாற்றத்துக்கு உலகத்தில் ஈடு கிடையாது. ஆனால் அதிலேயே பிழைக்கிறவர்களுக்கு அது நாற்றமே இல்லை. காவேரிக்கும் அப்படித்தான் இருந்தது, பிள்ளை பெற்றுத் திரும்பி வரும்வரை.

ஓசூர் மைசூரோடு போகுமா, மதராசோடு இருக்குமா என்று டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. காவேரி கல்லாவியில் தாய்வீட்டில் பெண் குழந்தை பெற்றாள். ஐந்தாம் மாதம் புருஷன் வீடு வந்து சேர்ந்தாள். புருஷன் வெங்கடப்பன் பட்டுக்கூடு மூட்டை ஏற்றும் வண்டிக்காரன். செத்துப்போன தன் அம்மாவின் பெயரையே குழந்தைக்கு வைத்தான்: ராமக்கா. பெயரோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவனும், அடுத்த வீட்டில் இருந்த அவன் அக்கா பூவம்மாளும், அம்மாவேதான் திரும்பி வந்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். தொட்டிலை ஆட்டும்போதுகூட, "தூங்கும்மா, கோவிச்சுக்காத" என்று பயபக்தியோடுதான் ஆட்டினார்கள். ராமக்கா ஈறு தெரியச் சிரித்து இந்த மரியாதையை ஏற்றுக்கொண்டாள்.

காவேரிக்குப் பழையபடி கொட்டகை வேலைக்குப் போக வேண்டும். வீட்டுக்குக் காசு வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கூடு வேகிற அந்தச் சட்டி முன்னால் உட்காருவது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வெந்நீரில் மிதக்கிற கூடுகளின் நுனியை விரலால் பிடித்து, பல நுனிகளைச் சேர்த்து, ஒரே இழையாக இராட்டினத்துக்கு அனுப்ப வேண்டும். எதிரே சென்னம்மா உட்கார்ந்து இராட்டினத்தைச் சுற்றுவாள். ஒரு கூடு தீர்ந்தால் இழை மெலியும். அது மெலிவதற்குள் அடுத்த நுனியைச் சேர்த்துவிட வேண்டும். காவேரியின் கை அதைத் தானாகச் செய்யும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் விரல் வழியாகப் பளபளவென்று போவதைப் பார்க்க அவளுக்கு அலுத்ததே இல்லை.

ஆனால் முழு நாளும் குழந்தையை விட்டுவிட்டு இருக்கவும் மனசு வரவில்லை. கொட்டகையை நடத்தியவர் முனவர் பேகம். அவர் வீட்டுக்காரர் கரீம் சாயபு கூடு வாங்க ஊர் ஊராகப் போய்விடுவார். அடுப்பு, ஆள், நூல் எல்லாம் பேகத்தின் பொறுப்பு.

"அரை நாளா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார் பேகம். "அடுப்பு அரை நாள் எரியுமாடி? மத்தியானம் உன் சட்டி முன்னால எவ உக்காருவா?"

"தெரியலைங்க பீபியம்மா. கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்."

பேகம் குழந்தையைப் பார்த்தார். ராமக்கா அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பில்தான் காரியம் முடிந்தது என்று சென்னம்மா பிற்பாடு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

"சரி. மத்தியானம் நானே உக்காருறேன். சட்டியத் தொட்டு வருஷம் ஆச்சு, கை மறந்திருக்காது. ஒரு மாசம் பாப்போம். புள்ளைக்கு ஒத்து வரலன்னா நீ வீட்டோட இருந்துக்கோ. தளியிலேர்ந்து ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா, அவளை முழு நாளைக்கும் வச்சுக்கிறேன். அப்புறம் வந்து அழப்படாது."

வேலைக்குப் போன முதல் நாள் மத்தியானம் காவேரி ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினாள். பால் கட்டி மார்பு கனத்தது. பூவம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"நில்லு நில்லு! இந்த நாத்தத்தோட புள்ளையத் தொடாத. எங்கம்மா வாசனை புடிச்ச பொம்பள. சந்தனம்னா அவளுக்கு உசுரு. தண்ணி காய வச்சிருக்கேன், குளிச்சிட்டு வா."

குளித்து வந்தவளின் கழுத்திலும் தோளிலும் மார்பிலும் பூவம்மாள் தன் கையாலேயே சந்தனம் அரைத்துப் பூசினாள். அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தையை மடியில் போட்டதும் அது ஆவலாகத் தாவியது. நெருங்கியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பவும் போட்டாள், திரும்பவும் வீரிட்டது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ராமக்கா தெரு கூடும்படி அழுதாள். பால் மட்டும் குடிக்கவில்லை.

"புழு நாத்தம் இன்னும் போகல" என்றாள் பூவம்மாள்.

மறுநாள் சந்தனம் இரண்டு பங்கானது. அதற்கும் மறுநாள் வெங்கடப்பன் பெங்களூருக்கு மூட்டை ஏற்றிப் போன இடத்தில் வாசனை சோப்பு ஒன்று வாங்கி வந்து, கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒன்று வாங்கித் தராத வெட்கத்தோடு நீட்டினான். சங்கதி கொட்டகைக்கும் எட்டியது. முனவர் பேகம் பெட்டியைத் திறந்து, விசேஷ நாட்களில் மட்டும் தானே ஒரு சொட்டுத் தொட்டுக்கொள்ளும் அத்தர் குப்பியை எடுத்துக் காவேரியின் முந்தானையில் முடிந்தார். "புள்ளைக்காக" என்றார். கொடுக்கும்போது குப்பியை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும்.

அத்தர் போட்ட நாள்தான் ராமக்கா அழுகையின் உச்சத்துக்குப் போனாள். பூவம்மாள் சங்கில் பசும்பால் புகட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி அவள் மேலேயே வந்தது. பொழுது சாய்ந்தால் முரண்டு குறையும். விடிகாலையில் ஒரு சண்டையும் இல்லாமல் குடிப்பாள். வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு லீவு. காவேரி வீட்டில் சும்மா இருந்த அந்த நாள் முழுக்க ராமக்காவைப் போலச் சமர்த்து கிடையாது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? வேலைக்குப் போகிற நாளில் குழந்தை குடிப்பதில்லை. போகாத நாளில் குடிக்கிறது.

"அம்மாவுக்கு நீ வேலைக்குப் போறது புடிக்கல காவேரி" என்றான் வெங்கடப்பன், கடிந்துகொள்ளாமல், வருத்தமாக. "உசுரோட இருந்தப்பவும் அது அப்படித்தான். மனசுல இருக்கிறத வாயால சொல்லாது."

காவேரிக்குச் சுருக்கென்றது. மாமியார் கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்யலாம். இது அவள் வயிற்றில் கிடந்த குழந்தை. தன்னைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்கிறதே, நான் என்ன அவ்வளவு பெரிய தப்பா செய்துவிட்டேன் என்று குளிக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதாள். வெளியே வந்தபோது முடிவு செய்திருந்தாள். மாசம் முடிய நாள் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் பேகத்திடம் சொல்லிவிடலாம். தளிப் பெண் வரட்டும்.

மறுநாள் சொல்லத்தான் போனாள். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, கூடு வெள்ளை வெளேரென்று நல்ல கூடாக வந்திருந்தது. கடைசியாக ஒரு தடவை என்று உட்கார்ந்தாள். சென்னம்மா இராட்டினத்தைச் சுற்றினாள். இழை ஓடியது. காவேரி கண்ணைத் துடைத்துத் துடைத்து நுனி பிடித்தாள். துடைத்த கையெல்லாம் புழுத் தண்ணீர்.

"யாக்கம்மா, ஏன் அழறே?" என்றாள் கன்னடமும் தமிழுமாகப் பேசும் சென்னம்மா. "நீ அழுதா நான் சுத்துறது எப்படி? இழை அந்துடும்."

பொழுது உச்சிக்கு வருவதற்குள், தெருமுனையிலேயே ராமக்காவின் குரல் கேட்டது. பூவம்மாள் தலைமயிர் அவிழ, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். உள்ளே வந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னால ஆகாது தாயி! சங்கையும் தட்டி வுட்டுட்டா. காலையிலேர்ந்து ஒரே கத்தல். நீயாச்சு, உன் மாமியாராச்சு!"

சொல்லிக்கொண்டே குழந்தையைக் காவேரியின் மடியில் வைத்துவிட்டாள். காவேரி பதறினாள். கை ஈரம், சேலை ஈரம், உடம்பு முழுக்கப் புழு வாடை. "ஐயோ அண்ணி, குளிக்கலையே, சந்தனம்கூட..." என்று அவள் சொல்லி முடிக்கவில்லை. ராமக்காவின் அழுகை பாதியில் நின்றது. அம்மாவின் கழுத்தில் மூக்கை வைத்து ஒரு தடவை உறிஞ்சினாள். அப்புறம் சேலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முட்டி மோதி, தானே இடம் கண்டுபிடித்து, மளக் மளக்கென்று குடிக்க ஆரம்பித்தாள்.

இராட்டினம் நின்றது. அந்தக் கொட்டகையில் கொதிக்கிற தண்ணீரின் சத்தமும் அந்தக் குழந்தை விழுங்குகிற சத்தமும்தான் கேட்டன.

"அய்யோ சிவனே!" என்று முதலில் சிரித்தவள் சென்னம்மாதான். "புழு நாத்தம் புடிக்கலையாம்! பாருங்க, எப்படிக் குடிக்குதுன்னு!"

முனவர் பேகம் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "நாமதாண்டி கெடுத்தோம். சந்தனம் இவ, சோப்பு உன் புருஷன், அத்தர் நானு. ஆளாளுக்கு அன்பைக் கொட்டி, அதோட அம்மா வாசனைய மறைச்சுட்டோம். புழு நாத்தத்துக்கு அடியிலகூட அதுக்கு அது தெரியுது பாரு. அந்தப் புள்ள என்னா பண்ணும்? தேடித் தேடிப் பாத்திருக்குது, கெடைக்கல."

காவேரி குழந்தையின் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் குழந்தை தன்னை வேண்டாம் என்று தள்ளுவதாக அல்லவா நினைத்தாள்! அது தள்ளவே இல்லை. தன் அம்மாதான் வேண்டும், இது யாரோ வேறு பெண்பிள்ளை என்று அழுதிருக்கிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, அவள் மறைக்கவும் இல்லை.

"வேலைய வுட்டுடலாம்னு வந்தேன் பீபியம்மா" என்றாள்.

"அது சரி! மத்தியானத்துல நான் எடுத்த நூலைப் பாத்தியா? முடிச்சு முடிச்சா எலி கடிச்ச மாதிரி இருக்குது. நீ போயிட்டா அரை நாள் நூலாவது நல்லா இருக்கறதும் போயிடும். காலைச் சட்டி உன்னுது, மத்தியானச் சட்டி என்னுது. இனிமே அப்படித்தான். தளிப் பொண்ணுக்கு வேற சட்டி பாப்போம்." திரும்பி நடந்தவர் நின்றார். "அந்த அத்தர் குப்பிய மட்டும் நாளைக்கு மறக்காம கொண்டுவந்து குடுத்துடு."

அன்று சாயங்காலம் காவேரி முகம் கைகால் மட்டும் கழுவிக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பூவம்மாள் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தாள். அப்புறம் பரணிலிருந்து மூங்கில் கூடையை இறக்கினாள். செத்துப்போன ராமக்காவின் சேலையை அதில்தான் வைத்து வருஷா வருஷம் கும்பிடுவார்கள். சேலையின் ஓரத்தில் மிச்சச் சந்தனத்தை எல்லாம் தடவினாள்.

"இந்தாம்மா, இது உனக்கு" என்றாள் சேலையைப் பார்த்து. "அந்தக் குட்டிக்கு அவ அம்மா போதும்."