பதினெட்டு ஆடுகள், இரண்டு கேமராக்கள்

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. நாரின் என்கிற எங்கள் மலையூர்ச் சந்தையில் பழைய கேமரா விற்கிற ஜிபார் என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள், அதில் வந்த வினை இது.

அவளிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. இரண்டும் சட்டைப் பைக்குள் அடங்கும். இரண்டும் ஒரே விலை. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். கறுப்புக்குப் பத்து மெகாபிக்சல், சாம்பலுக்குப் பன்னிரண்டு என்று ஏதோ எண்ணிக்கை சொன்னாள். எண்ணிக்கை கூடினால் படம் நன்றாக வருமா என்று கேட்டேன். வயதானவன் யாராக இருந்தாலும் அவளுக்கு அத்தாதான்.

"பல்லு அதிகமா இருந்தா நல்ல குதிரையா, அத்தா? ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. பத்து நாள் வச்சுப் பாருங்க. எது நல்லாருக்குனு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, கடையில ஒட்டி வைக்கிறேன். நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். உங்க மூஞ்சியப் பாத்தா நம்புவான்."

ஏன் என்றேன்.

"யாரையும் நம்பாத மூஞ்சி."

வீட்டுக்கு வந்து நோட்டின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் சாம்பல். நான்கு நாள் எழுத்து கோட்டுக்குள் நின்றது. அப்புறம் வேலி தாண்டிய ஆடு மாதிரி எங்கெங்கோ போய்விட்டது. நான் எட்டு வகுப்பு படித்தவன். அதை இழுத்துக் கட்டத் தெரியவில்லை.

2

தொடக்கங்கள்:

"மேய்ச்சல் மலையில் பனி மூடிய ஒரு விடியலில்..." அடித்துவிட்டேன். வானிலையில் தொடங்குகிறவன் எதையோ மறைக்கிறான்.

"என் மனைவி புருலுக்கு இந்த வசந்தத்திலிருந்து" இதை முடிக்க மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது இது. தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கிற எங்கள் மகள் பெர்மெத் ஒரு நிபந்தனை போட்டாள். அதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வசந்தத்தில் புருல் தண்ணீர் ஊற்றாமலே கெண்டியை இரண்டு தடவை அடுப்பில் ஏற்றினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், 'என் அம்மா எப்போது வருவாள்?' என்று கேட்டாள். அவள் அம்மா செத்து முப்பது வருஷம் ஆகிறது. பெர்மெத் அவளை ஒரு டாக்டரிடம் காட்டினாள். சின்னப் பையன் டாக்டர். உங்கள் கணவர் பெயர் என்ன என்று கேட்டான். புருல் வாயைத் திறக்கவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டான்.

நான் சிரித்தேன். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பட்டணத்தில் படித்தவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

திரும்பி வரும் வழியில் பாதி தூரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்கிறாளா, தொலைத்துவிட்டாளா, அது எனக்கும் தெரியாது. கேட்கவும் முடியாது.

பெர்மெத் சொன்னது இது: "அம்மாவுக்கு நம்ம ஆடுங்க மூஞ்சி ஞாபகம் இருக்குன்னா நான் வாய மூடிக்கிறேன், அத்தா. இல்லேன்னா குளிருக்கு முன்னாடி எங்கூடக் கூட்டிட்டுப் போறேன். நீங்க மலையில இருக்குறப்ப இவங்க தனியா அடுப்ப வச்சுக்கிட்டு இருக்க முடியாது."

புருலுக்கு முழங்கால் போய்விட்டது. போன வருஷத்திலிருந்து அவளால் குதிரையில் ஏறி மலைக்கு வர முடியவில்லை. ஆடுகள் மலையில், அவள் கீழே. அதனால்தான் படம். என் போனில் பேச மட்டும் முடியும், அதற்குக் கண் கிடையாது. அதனால்தான் கேமரா. இந்தத் தடவை மட்டும் இல்லை, மாதா மாதம் படம் எடுத்து, அம்மாவிடம் காட்டி, என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றும் மகள் சொல்லியிருந்தாள்.

3

ஜிபார், இந்தப் பகுதி உன் கடைக்கு.

ஆடுகளுக்கு உப்பு வைக்கிற தட்டைக் கற்கள் ஏரிக்கு மேலே இருக்கின்றன. உப்பு நக்கும்போதுதான் ஆடு ஓரிடத்தில் நிற்கும். சேணத்தைக் கழற்றிப் பாறைமேல் போட்டு, இரண்டு கேமராவையும் அதன்மேல் பக்கம் பக்கமாக வைத்தேன். கறுப்பை வலது விரலால் அழுத்தினேன், சாம்பலை இடது விரலால். ஒரே நேரத்தில் அழுத்தினதாகத்தான் ஞாபகம். கறுப்பு உடனே சொடுக்கியது. சாம்பல் யோசித்துவிட்டுச் சொடுக்கியது.

அந்த இடைவெளியில் ஒரு மேகத்தின் நிழல் ஏரியிலிருந்து கரையேறி, புல்லில் நடந்து, ஆடுகளின் முதுகுமேல் போனது. பதினெட்டும் ஒருசேரத் தலையைத் தூக்கின. யாரோ கூப்பிட்ட மாதிரி. நானும் திரும்பிப் பார்த்தேன். ஏரி இருந்தது. காற்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் எதற்காக அங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.*

புதன்கிழமை உன்னிடம் கொடுத்து இரண்டையும் ஒரே அளவில், ஒரே ரகத் தாளில் அச்சுப் போடச் சொன்னேன். நீயும் பார்த்தாய்.

கறுப்பு: மயிர் மயிராகத் தெரிகிறது. காதில் வெட்டின அடையாளம், மூக்கில் ஈரம், வயிற்றில் ஒட்டின முள். முன்னால் நிற்கிற ஆட்டின் கண்ணுக்குள் ஏரி தெரிகிறது. கற்களின் நிழலில் மட்டும் மணல் தூவின மாதிரி இருக்கிறது.

சாம்பல்: வெயில் பட்ட புல் நிஜப் புல்லைவிடப் பச்சை. அதை நான் நம்பவில்லை. நிழலில் மணல் இல்லை. ஆனால் மணலைத் துடைக்கப் போன கை முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. மேக நிழலில் நின்ற ஆடுகளெல்லாம், கூடாரத்துக்குப் போர்வையாக்க நனைத்து மிதித்த கம்பளி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. எது காது, எது கொம்பு என்று பிரிக்க முடியாது. பன்னிரண்டு பல்லும் ஆடுகிறது.

ஆக, கறுப்புதான். இதுவரைக்கும் வெட்டி ஒட்டிக்கொள்.

* இது கடைக்கு வேண்டாம்.

4

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் எழுதினபோது பெர்மெத்தைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக் காரில் வருவாள், காரை விட்டு இறங்காமலே பேசுவாள் என்று இரண்டு பக்கம். பொய். அவள் வந்தால் முதல் வேலையாக அம்மாவின் பின்னலை அவிழ்த்துச் சிக்கெடுத்து மறுபடி பின்னுவாள். கதையில் கெட்டவள் ஒருத்தி இருந்தால் எழுதுகிறவனுக்குச் சுமை குறையும். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். சுமை இருக்கிறது.

5

வியாழக்கிழமை மத்தியானம். மலையில் ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். புருல் ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கறுப்புப் படத்தைக் கொடுத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு ஆட்டையும் தொட்டாள்.

"யாரோட ஆடுங்க?"

அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

"நல்லா வளத்திருக்காங்க," என்றாள். "உப்புல கஞ்சத்தனம் பண்ணல."

அவளே பிரசவம் பார்த்து, முகத்தைத் துடைத்துவிட்ட ஆடுகள். மூன்று குட்டிகளை அவள் அடுப்பின் பக்கத்தில் வைத்துப் பிழைக்கவைத்தாள். படத்தை வாங்கி மடியில் கவிழ்த்துவைத்தேன். கை ஏதாவது செய்ய வேண்டுமே என்று சாம்பல் படத்தைக் கொடுத்தேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"பெர்மெத்தோட அத்தா, இங்க பாருங்க. உப்புக்காரி. தலையத் தூக்குற திமிரப் பாருங்க, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி. இது ஒத்தக்காது. இவ பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறது தூங்குமூஞ்சி, இன்னும் அவளுக்கு முழிப்பு வரல."

பதினெட்டுக்கும் பெயர் சொன்னாள். எல்லாம் எங்கள் ஆடுகளின் பெயர்கள்தான். நான் படத்தை உற்று உற்றுப் பார்த்தேன். எனக்குக் கம்பளிதான் தெரிந்தது.

தேநீர் ஆறும்வரை பொறுத்தேன். பிறகு அதே படத்தை மறுபடியும் கொடுத்தேன். என் புத்தி அப்படி. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் பதினெட்டுப் பெயர் சொன்னாள். முதல் தடவை சொன்ன வரிசையும் இரண்டாவது தடவை சொன்ன வரிசையும்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். இந்த நோட்டு ஒருநாள் பெர்மெத்தின் கைக்குப் போகும்.)

6

சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்தில், எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், மூன்று நாள் விடாமல் மூடுபனி. கையை நீட்டினால் கை தெரியாது. மந்தை சிதறிவிட்டது. நான் கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன். புருல் ஓடவில்லை. மெல்ல நடந்தாள். பனிக்குள் ஒரு வெண்மை கொஞ்சம் கெட்டியாகும். அவள் ஒரு பெயரைச் சொல்வாள். அந்த வெண்மை அவள் பின்னால் வரும். இன்னொன்று கெட்டியாகும். இன்னொரு பெயர். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். ஆடுகளோடு ஆடாக. கால் தரையில் பட்டதாகவே ஞாபகம் இல்லை.

பனி விலகினதும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

முகம் பார்த்து ஆட்டை அறிகிறவன் நான். அவள் நிற்பதையும் அசைவதையும் பார்த்து அறிகிறவள். அப்படியானால் அவளுக்குச் சாம்பல்தான் நல்ல கேமரா, நான் தப்பாக எழுதிவிட்டேன், ஜிபார்.

ஆனால் ராத்திரி முழுக்க வேறொன்று அரித்தது. அன்றைக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது. பெயர்கள்? பனிக்குள் எந்த வெண்மைக்கு எந்தப் பெயர் என்று யார் சரிபார்த்தது? குதிரை வாங்கினால் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்கிறவன் நான். அன்றைக்கு அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

7

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்றில் புருல் கறுப்புப் படத்தை மறுபடி பார்க்கிறாள். பதினெட்டு ஆடும் ஞாபகம் வருகிறது. மகள் அழுகிறாள். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆகவே பொய்.

இன்னொன்றில் நான் பெர்மெத்திடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புருல் பிஷ்கெக் போகிறாள். ஐந்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். அங்கே உட்கார்ந்து, யாரோட வீடு இது, நல்லா வச்சிருக்காங்க என்று சொல்லி

அதையும் நிறுத்திவிட்டேன். ஆனால் அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் இல்லாத கெண்டி பொய் இல்லையே. நான் மலையில் இருக்கும்போது வீடு தீப்பிடித்தால், மங்கின படத்தை வைத்து அவளை இங்கே பிடித்துவைத்தவன் நான்தான்.

8

இன்று ஞாயிறு. பெர்மெத் வருகிறாள். அவள் காரிலேயே சந்தைக்குப் போய் ஒரு கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். எதை வைத்துக்கொள்கிறேனோ, இனி மாதா மாதம் அதன் கண்ணால்தான் இந்த வீடு பார்க்கப்படும்.

மேசைமேல் இரண்டு படமும் கவிழ்ந்து கிடக்கின்றன. புருல் புதுத் தலைத்துணி கட்டியிருக்கிறாள். வெளியே பாதையில் தூசு எழுந்து வெயிலில் தொங்குகிறது, விழ மனமில்லாத மாதிரி. அதற்குள்ளே எங்கோ கார் இருக்கிறது.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வந்து என் தோள்மேல் கை வைத்தாள்.

"எந்தப் படத்தக் காட்டப் போறீங்க?"

இன்னும் தெரியவில்லை என்றேன்.

"முன்னாடியே சொல்லிருங்க," என்றாள். "அதுக்குத் தக்கன நான் உக்காரணும்."

அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா, பிரிக்க முடியவில்லை. கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கவில்லை.

கார் கதவு சாத்தும் சத்தம். என் ஒரு கை நோட்டில் இருக்கிறது, இன்னொரு கை ஒரு படத்தின்மேல். எந்தப் படம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்களாக இருந்தால் எதை நிமிர்த்தி வைப்பீர்கள் என்று எனக்கும் சொல்ல வேண்டாம். இவளோடு நாற்பத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்து சொல்லுங்கள், அப்போது காது கொடுக்கிறேன். பெர்மெத் செருப்பைக் கழற்றுகிறாள். புருல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, படத்துக்காகக் கையை