ஜன்னலுக்குக் கீழே

எங்க கார்ல முக்கியமான சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். எந்தப் பொருளும் ஜன்னல் கண்ணாடிக்கு மேல தலை தூக்கக் கூடாது. வெளிய நின்னு எட்டிப் பார்க்கிறவங்களுக்கு அது யாரோ நிறுத்திட்டு வேலைக்குப் போன பழைய காராத் தெரியணும், அவ்வளவுதான். மூட்டை முடிச்சு தெரிஞ்சா கேள்வி வரும். கேள்வி வந்தா குழந்தைகள் நல ஆபீஸ்லேர்ந்து ஆள் வரும். ஆள் வந்தா என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.

சும்மா பயந்து சாகலை நான். கண்ணால பார்த்தேன். காரே வீடுன்னு ஆன முதல் வாரம் நாங்க நிறுத்தியிருந்த இடத்துல பக்கத்து கார்ல ஒருத்தி ரெண்டு பிள்ளைகளோட இருந்தா. பின் கண்ணாடியில துணி காயப் போட்டிருப்பா, எனக்கே பார்க்க எரிச்சலா இருக்கும். ஒரு நாள் காலையில கையில ஃபைலோட ஒரு அம்மா வந்தாங்க, ரொம்ப மரியாதையாப் பேசினாங்க, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவ போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகலை. அன்னைக்கே வண்டியை எடுத்துட்டு வேற தெருவுக்கு வந்துட்டேன்.

பொண்ணுக்கு ஏழு வயசு. வீடுன்னு ஒண்ணு இருந்தப்ப அவளை வாலுன்னுதான் கூப்பிடுவோம். ஒரு இடத்துல உட்கார மாட்டா, வாய் ஓயாது. அவ அப்பா எங்கேன்னு கேட்காதீங்க, எனக்கே தெரியாது. வீட்டுக்காரர் இடிச்சுக் கட்டப் போறேன்னு எங்களைக் காலி பண்ணச் சொன்னார். அக்கா வீட்டுல பத்து நாள் இருந்தோம். பதினோராவது நாள் அக்கா புருஷன் தட்டைப் பார்த்துக்கிட்டே, "இன்னும் எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டார். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. சாப்பிட்ட கையைக் கழுவிட்டு அப்படியே கிளம்பிட்டேன். எத்தனையோ சாமானைத் தூக்கிப் போட்டேனே, அந்த ரோஷத்தை முதல்ல தூக்கிப் போட்டிருக்கணும்.

எனக்கு வேலை சலவைக் கம்பெனியில. ஆஸ்பத்திரி, ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் எங்ககிட்டதான் வரும். தேய்க்கிற மெஷின்லேர்ந்து சூடா வெளிய வர்ற விரிப்பை நானும் இன்னொருத்தியும் ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிச்சு, நாலே மடிப்புல செங்கல் மாதிரி ஆக்கிடுவோம். அதனால மடிக்கிறது, அடுக்குறது எல்லாம் எனக்குக் கை வந்த விஷயம். காரையும் அப்படித்தான் அடுக்கினேன். எங்க அக்கா வீட்டு அலமாரியைவிட என் கார் சுத்தம், பெருமையாவே சொல்லுவேன்.

முதல்ல குக்கர் போச்சு. அப்புறம் மிக்ஸி. கரண்ட் இல்லாத இடத்துல மிக்ஸியை வச்சுக்கிட்டு என்ன பண்றது, பூஜை பண்றதா? தட்டு ரெண்டு, டம்ளர் ரெண்டு, ஸ்பூன் ரெண்டு. ஆளுக்கு நாலு செட் துணி. கல்யாண ஆல்பத்தைப் போட்டப்ப எனக்கு ஒண்ணுமே ஆகலை. ஆனா பொண்ணோட பிளாஸ்டிக் விசிலைத் தூக்கிப் போட்டதுக்கு அவ ரெண்டு நாள் என்கூடப் பேசலை. "விசில் ஜன்னலுக்குக் கீழதானேம்மா இருக்கு"ன்னு அழுதா. "அதோட சத்தம் மேல வருமேடி"ன்னேன். ஒரு பொருள் உள்ள வந்தா இன்னொண்ணு வெளிய போகணும். காகிதம் மட்டும் உள்ளேயே வரக் கூடாது. ஸ்கூல் புக், ஆஸ்பத்திரிச் சீட்டு தவிர மத்த எந்தக் காகிதமா இருந்தாலும் கசக்கிக் குப்பையில போட்டுருவேன். வைப்பர்ல செருகி வைக்கிற விளம்பரத்தையெல்லாம் நின்னு படிக்கக்கூட மாட்டேன்.

இவ்வளவு சாமானையும் குறைச்சது ஒரே ஒரு இடத்துக்காக. பின் சீட்டைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ஒரு பலகை போட்டேன். பலகைக்கு மேல மடிச்ச போர்வை, துணிப்பை, தலகாணி. பலகைக்குக் கீழ என் வாலு. அவ நீளத்துக்கு ஒரு பொந்து. ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க, கம்பெனிக்குள்ள பிள்ளைகளை விட மாட்டாங்க, நான் என்ன பண்ணுவேன்? கம்பெனிக்குப் பின்னாடி மர நிழல்ல காரை நிறுத்துவேன். கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வைப்பேன். தண்ணி, பிரெட், கலர் பென்சில். காலடிச் சத்தம் கேட்டா பலகைக்குக் கீழ போயிடணும். நான் பதினோரு மணி டீ இடைவேளைக்கு வருவேன், ஒரு மணிக்கு வருவேன், மூணு மணிக்கு வருவேன்.

ராத்திரி அவளுக்குப் பாடம் எடுப்பேன். "யாராவது கண்ணாடியைத் தட்டினா?" "மூச்சு விடக் கூடாது." "போலீஸ் கூப்பிட்டா?" "வரக் கூடாது." "நானே கூப்பிட்டா?" "வரலாம்." "தப்பு. நான் கூப்பிடுறப்ப பக்கத்துல வேற ஆள் குரல் கேட்டா?" கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்பவும் வரக் கூடாது"ன்னா. அவளைக் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. என்ன பொம்பளை நான்!

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கை துடைச்சுக்கிட்டே பின் கேட்டைத் திறந்தேன். மரம் இருந்துச்சு. நிழல் இருந்துச்சு. கார் இல்லை.

கார் நின்ன இடத்துல தெருவைத் தோண்டுற மெஷின் நின்னுது. ஆரஞ்சு சட்டை போட்ட மேஸ்திரி ஒருத்தர் வந்து, "என்னம்மா, உங்க வண்டியா? குழாய் பதிக்கப் போறோம், எடுத்துடுங்கன்னு மூணு நாளா வைப்பர்ல நோட்டீஸ் வச்சோமே, பார்க்கலையா?"ன்னார்.

மூணு நாள். மூணு நோட்டீஸ். மூணையும் கசக்கி இந்தக் கையாலதான் குப்பையில போட்டேன்.

"வண்டி எங்கே?"

"இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு மணி நேரம் இருக்கும்."

"உள்ள... உள்ள ஏதாவது..."

"பயப்படாதீங்கம்மா. நானே நல்லா எட்டிப் பார்த்தேன், கண்ணாடியைத் தட்டியும் பார்த்தேன். காலி வண்டி. நாலு துணி மடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்."

அந்த நிமிஷம் நான் கத்தியிருக்கணும். என் பிள்ளை உள்ள இருக்கா, போன் பண்ணுங்கன்னு அந்த மனுஷன் காலைப் பிடிச்சிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த ஃபைல்கார அம்மா கண்ணு முன்னாடி வந்து நின்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க, காலி வண்டிதான்"னு சொன்னேன். இந்த வாயால.

எங்க கம்பெனி வேன் டிரைவரை அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அவர் வேன்ல ஏறி உட்கார்ந்து, "அண்ணே, இழுத்துட்டுப் போன வண்டியெல்லாம் வைக்கிற இடத்துக்கு விடுங்க, தயவு செஞ்சு"ன்னேன். அவரும் ஒண்ணும் கேட்காம எடுத்தார். பாதி வழியில திரும்பிப் பார்த்து, "ஏம்மா, கார்தானே? அதுக்கு ஏன் இப்படிப் பதறுறே?"ன்னார். "சீக்கிரம் போங்கண்ணே"ன்னேன். வெயில் ஏறிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு விரல் இடைவெளி, ரெண்டு விரல் இடைவெளின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போனேன்.

அந்த இடத்துல பெரிய இரும்புக் கேட். உள்ள நிழலே இல்லாத மைதானம், வரிசையா கார். முன்னாடி ஒரு ரூம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளார்க். "வண்டி நம்பர்? சரி, டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க." என் டோக்கன் இருபத்தி மூணு. போர்டுல பத்தொன்பது ஓடுது.

நான் உட்கார்ந்தேன். சத்தியமாச் சொல்றேன், உட்கார்ந்தேன். நாலே பேர்தானே, வண்டியை வாங்கிட்டு வெளிய போய் அவளைத் தூக்கிடலாம், யாருக்கும் தெரியாதுன்னு கணக்குப் போட்டேன். சுவர்ல மின்விசிறி ஓடுச்சு. என் முகத்துல காத்து பட்டுச்சு. அவளுக்கு இந்தக் காத்து இல்லையேன்னு தோணினதும் பிடரியெல்லாம் வேர்த்துடுச்சு. இருபதுன்னு போர்டு மாறுச்சு. அந்த இருபதாம் நம்பர் ஆளு பாக்கெட் பாக்கெட்டா ஏதோ சீட்டைத் தேடிக்கிட்டு நிக்கிறான், நாசமாப் போறவன், தேடிக்கிட்டே நிக்கிறான்.

எழுந்து போய் கண்ணாடியை ரெண்டு கையாலயும் அறைஞ்சேன். "கார்ல என் பொண்ணு இருக்கா!"

கிளார்க் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தார். "என்னம்மா சொல்றீங்க? செக் பண்ணித்தானே உள்ள விடுவோம்?"

"இருக்கா! கேட்டைத் திறங்கய்யா, இருக்கா!"

ஓடினோம். நான், கிளார்க், வாட்ச்மேன், பின்னாடியே வேன் அண்ணன். மூணாவது வரிசையில நின்னுது என் கார். கைப்பிடி தொட முடியாத சூடு. வாட்ச்மேன் நெத்தியில கை வச்சு உள்ள பார்த்தார். "ஒண்ணும் இல்லையேம்மா"ன்னார். கிளார்க் பார்த்தார். வேன் அண்ணன் பார்த்துட்டு, பாவப்பட்ட மாதிரி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கும் ஒண்ணும் தெரியலை. அவ்வளவு நேர்த்தியா அடுக்கியிருந்தேன்.

சாவியைத் துவாரத்துல நுழைக்கவே முடியலை. வேன் அண்ணன் வாங்கித் திறந்தார். அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி அனல் அடிச்சுது. "வாலு! அம்மாடி! வெளிய வாடி, நான்தான்!"

பலகைக்குக் கீழ ஒண்ணும் அசையலை.

"அம்மா சொல்றேன் இல்ல? வா கண்ணு!"

"நிஜமாவே இருக்காளா?"ன்னு பின்னாலேர்ந்து கிளார்க் கேட்டார். அவர் குரல் நல்லாவே கேட்டுச்சு. எனக்குக் கேட்டா அவளுக்கும் கேட்டிருக்கும். வேற ஆள் குரல். அப்ப அவ வர மாட்டா. இல்லைன்னா வர முடியாம இருக்கா. இதுல எதுன்னு எனக்குத் தெரியலை. அந்த ரெண்டுக்கும் நடுவுல நான் நின்ன நேரம் எவ்வளவுன்னு கேட்டா, இன்னைக்கு வரைக்கும் சொல்லத் தெரியாது.

போர்வையை இழுத்து வெளிய எறிஞ்சேன். துணிப்பை. தலகாணி. ஸ்கூல் புக். ரெண்டு தட்டு மண்ணுல விழுந்து உருண்டுச்சு. என் பாவாடை, உள் துணியெல்லாம் அந்த ஆம்பளைங்க காலடியில கிடந்துச்சு. கடைசியில பலகையைத் தூக்கினேன்.

முழங்காலை மோவாயில முட்டுக் கொடுத்துக்கிட்டு, சின்ன மூட்டையாப் படுத்திருந்தா. முடியெல்லாம் நனைஞ்சு நெத்தியில ஒட்டியிருந்துச்சு. முகம் செக்கச் செவேல்னு இருந்துச்சு. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தியிருந்தா. கண்ணு திறந்திருந்துச்சு. அசையலை. "என்னைப் பெத்தவளே!"ன்னு நான் அலறினேன். அப்பதான் அந்தக் கண்ணு ஒரு தடவை இமைச்சுது.

வெளிய இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். வாட்ச்மேன் தண்ணி பாட்டிலை அவ தலையில கவிழ்த்தார். வேன் அண்ணன் தன் சட்டையைக் கழட்டி எங்க ரெண்டு பேருக்கும் நிழல் பிடிச்சார். கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூடி தண்ணி குடிச்சா. கிளார்க் போன்ல நம்பர் தட்டிக்கிட்டே, "ஆம்புலன்ஸ் வருதும்மா"ன்னார். அப்புறம் என் கண்ணைப் பார்க்காம, "அவங்க கேட்பாங்க... நீங்க எங்கே இருக்கீங்கன்னு"ன்னு இழுத்தார்.

மண்ணுல கிடந்த சாமானைப் பார்த்தேன். எங்க வீடு முழுக்க அங்கேதான் கிடந்துச்சு, எல்லாரும் பார்க்கிற மாதிரி.

"கார்லதான் இருக்கோம்னு சொல்லுங்க. வீடு இல்லைன்னு சொல்லுங்க. நானே சொல்றேன்." சொல்லிட்டேன். பயம் ஒண்ணும் போகலை. அவளைப் பிடிச்ச பிடியை மட்டும் இன்னும் இறுக்கிக்கிட்டேன். எப்படியும் கழட்டப் போறாங்க, அது வரைக்குமாவது.

அவ மெதுவா என் கழுத்துப் பக்கம் வாயைக் கொண்டு வந்தா. சுத்தி நிக்கிறவங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு அவ்வளவு சின்னக் குரல்.

"அம்மா, எப்படிக் கண்டுபிடிச்சாங்க? நான் மூச்சே விடலையே."

நனைஞ்ச முடியை அவ நெத்தியிலேர்ந்து ஒதுக்கி விட்டேன்.

"அடுத்த தடவை இன்னும் சின்னதா மடிச்சுக்கிறேன்மா"ன்னா.