எலுமிச்சை மரத்தில் மூன்று வாய்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் சாவு உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. வாரப் பத்திரிகைத் தொடர் எழுதிப் பிழைக்கிறவன் நான். பிணம் எந்தப் பத்தியில் விழும் என்று தெரியாமல் பேனா மூடியைக் கழற்றியதே இல்லை. இன்று கழற்றியிருக்கிறேன். பக்கத்து அறையில் அக்கா படுத்திருக்கிறாள். மதியம் அவளுக்கு ஸ்கேன். கிளம்புவதற்குள் அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பதில் கைவசம் இல்லை. எழுதினால் சில சமயம் வரும்.

ஆரம்பம், முதல் முயற்சி: ‘எலுமிச்சை மரக் கிளையில் அது அசைவற்றுக் கிடந்த—’

இல்லை. எதுவும் கிடக்கவில்லை. சிக்கலே அதுதான்.

இரண்டாம் முயற்சி: ‘ஜன்னலுக்கு வெளியே இரண்டு கண்கள் அவளையே வெறித்து—’

குருவியின் கண் கடுகளவு. ஒருத்தரும் பயப்பட மாட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைக்கிறேன்.

2

அக்காவுக்கு இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்த முறை டாக்டர் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தான் பகலில் கடைக்குப் போய்விடுவதால் துணைக்கு நான். அவருடையது கண்ணாடிக் கடை. அளவுக்கு வெட்டுவது, விளிம்பு தேய்ப்பது, குளியலறைச் சுவரில் பொருத்துவது எல்லாம் அவர் கைவேலை.

அறை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு எலுமிச்சை மரம். அதில் ஒரு விசிறிவால் குருவி ஜோடி கூடு கட்டியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. வெள்ளைப் புருவம். ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. வாலை விசிறிபோல் விரிக்கும், இந்தப் பக்கம் ஒரு திரும்பல், அந்தப் பக்கம் ஒரு திரும்பல், சட்டென்று எம்பிக் காற்றிலேயே ஒரு ஈயைக் கவ்வும், அதே கிளைக்கு வந்து மறுபடி விசிறும். நடுநடுவே ஏறி இறங்கும் ஒரு சீட்டி. பூனையைக் கண்டால் ஓடாது, பூனைமேல் பாயும். கூடோ, சிலந்தி நூலைச் சுற்றிச் சுற்றி இழைத்த சின்னக் கிண்ணம்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன என்று நான் சொன்னபோது அக்கா, “பரவாயில்லையே, ஷிஃப்ட் போட்டு உக்காருதுங்களே. உங்க அத்தான்கிட்ட சொல்லு” என்றாள்.

ஆனால் கட்டிலிலிருந்து சீட்டி கேட்கும், கூடு தெரியாது. கண்ணாடிக்காரர் மூளையில் வேறென்ன தோன்றும்? கடையில் மிஞ்சிய ஒரு முகக்கண்ணாடித் துண்டை எடுத்துவந்து, யார் கையும் கிழிபடாமல் விளிம்பைத் தேய்த்து, வெளிப்பக்கமாகத் திறந்திருந்த ஜன்னல் கதவில் சாய்த்து மாட்டினார். அக்கா தலையணையிலிருந்தே பார்த்தாள். கிண்ணத்துக்குள் மூன்று குஞ்சுகள். மூன்று வாய்கள் என்பதுதான் சரி. மற்றதெல்லாம் அந்த வாய்களுக்கு ஒட்டுச் சேர்த்ததுபோல் இருந்தது.

(அன்றைக்கு அக்கா சிரித்தாள். இதை அடைப்புக்குள் போடுவதற்குக் காரணம், அதற்கப்புறம் இந்தக் கதையில் சிரிப்புக்கு இடமில்லாமல் போய்விட்டது.)

3

அத்தான் என்ற பாத்திரம்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. தொழில் புத்தி. படுத்த படுக்கையாக மனைவி, ஜன்னலில் கண்ணாடி மாட்டும் கணவன்: என் தொடர் வாசகர்கள் இரண்டாம் வாரமே அவரைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். ‘அவர் உதட்டில் ஒரு மர்மப் புன்னகை—’ அத்தானுக்கு மர்மம் சுட்டுப்போட்டாலும் வராது. புன்னகை வந்தாலே அபூர்வம். கிழித்துவிட்டேன்.

ஆனாலும் தப்பு நடந்தது அந்தக் கண்ணாடியால்தான்.

4

மறுநாள் காலை ஆண் குருவி கண்ணாடி முன்னால் வாலை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. “ஜோடியா கொஞ்சுதுடா” என்றாள் அக்கா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

கொஞ்சலில்லை, சண்டை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் அது விடாது. இந்த இன்னொருத்தனோ விரட்டினால் ஓடுவதில்லை. கொத்தினால் அதே இடத்தில், அதே வேகத்தில் திருப்பிக் கொத்துகிறான். இப்படி ஒரு எதிரியை நான் எந்தத் தொடரிலும் படைத்ததில்லை. அப்பன்காரன் அன்று முழுக்கத் தன்னோடு தானே மோதிக்கொண்டிருந்தான். பெண் குருவி மட்டும் தனியாகப் பூச்சி தேடி ஓடியது. அக்கா கட்டிலில் படுத்தபடி இரண்டையும் பார்த்தாள்: முன்னால் அந்தச் சண்டை, அது கொஞ்சம் விலகும்போதெல்லாம் பின்னால் திறந்தே கிடக்கும் மூன்று வாய்கள்.

அத்தான் சாய்மானத்தை மாற்றிப் பார்த்தார். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் சோப்பைத் தடவிப் பார்த்தார். குருவி மேல்பாதிக்குப் போனது. தன் கைவேலை தோற்றது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. மூன்றாவதாக ஏதோ யோசித்துக்கொண்டு நின்றவரிடம் அக்கா சொன்னாள்:

“அத எடுத்துடுங்க.”

“எடுத்துட்டா நீ எப்படிப் பாப்ப?”

“நான் பாக்க வேணாம். அதுங்களுக்கு அப்பா வேணும்.”

அத்தான் திருகாணியைக் கழற்றினார்.

5

(இங்கே, வெறும் சுவரைப் பார்த்து அக்கா என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எல்லாம் என் நினைப்பு. எடுத்துவிட்டேன். எண் மட்டும் இருக்கட்டும்.)

6

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கண் நான்தான். தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஆண் குருவி வேலைக்குத் திரும்பியது, இறகு முளைத்தது, மூன்றும் கிண்ணத்துக்குள் இடம் போதாமல் நெரிந்தன என்று எனக்கே தெரியாமல் ஒரு தொடர் ஓடியது. கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். “மசாலா வேணாம். இருக்கறத சொல்லு.”

நேற்று அவள் தானாகவே, “இந்த மூணும் நல்லபடியா பறந்துட்டா...” என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. என் வாக்கியங்களை நானே பாதியில் விடுவேன். அக்காவுடையதை முடிக்க எனக்குத் துணிவில்லை.

இன்று காலை அத்தானைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “நீ போ மாப்ள. வாராவாரம் சாவு எழுதற ஆளு, உனக்குப் பழக்கம்” என்று சொல்லிவிட்டு, கார் சொல்லி வருவதாகத் தெருவில் இறங்கிவிட்டார்.

போனேன். கூடு காலி.

7

முடிவு, முதல் வகை: பறந்துவிட்டன. நாள் ஏறக்குறைய சரிதான். கூட்டில் ஒரு கீறல் இல்லை. மண்ணில் ரத்தமோ இறகோ இல்லை.

முடிவு, இரண்டாம் வகை: காகம். எதிர்ச் சுவரில் ஒன்று அலகைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குஞ்சைக் கொத்திக்கொண்டு போகிறவன் கூட்டைக் கலைத்துத் தடயம் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சட்டமில்லை. நேற்று மாலைவரை அவற்றுக்கு ஒழுங்காக இறக்கை விரிக்கவும் வரவில்லை.

மூன்றாம் வகை: ஒன்று பறந்தது, இரண்டு— வேண்டாம்.

எந்தத் தடயத்தை எடுத்தாலும் இரண்டு கதைக்கும் பொருந்துகிறது. என் துப்பறிவாளன் இந்நேரம் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பான். அவனுக்கென்ன, விடையை முன்கூட்டியே அவன் காதில் ஓதிவைப்பவன் நான். என் காதில் ஓத யார் இருக்கிறார்கள்?

8

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்துவிட்டது. அத்தான் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. அக்காவைத் தாங்கி எழுப்பி உட்காரவைத்தோம். அவள் கேட்டாள்.

கூடு காலி என்றேன். காலி என்றால் என்ன அர்த்தம் என்றாள். இரண்டு முடிவையும் சொன்னேன். காகத்தையும் மறைக்கவில்லை.

“எதுடா நெஜம்?”

நல்ல முடிவைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. எத்தனை ஆயிரம் பேரை நம்பவைத்த நாக்கு.

“தெரியலக்கா.”

அத்தான் அவள் தோளைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா புடவைத் தலைப்பை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“தெரியலன்னா சரி. அது தெரியாம இருக்கும்போதே நான் போயிட்டு வந்துடறேன்.”

காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, தான் வரும்வரை மரத்துப் பக்கம் போகக் கூடாது என்றாள்.

9

போகவில்லை. ஆனால் மேஜைக்கு எதிரே ஜன்னல் இருக்கிறதே. இப்போது, இந்த வரியில், கொடிக் கம்பியில் ஆண் குருவி வந்து உட்காருகிறது. அலகில் ஒரு பூச்சி. விழுங்கவில்லை. வாலை விரிக்கிறது, இந்தப் பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் பார்க்கிறது. அந்தப் பூச்சி யாருக்கு? வேலிச் செடிக்குள் ஒளிந்துகொண்டு யாராவது வாயைத் திறக்கிறார்களா? இல்லை, வாய்கள் போனது தெரியாமல் பழக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்ததா?

இதோ எம்பிவிட்டது. நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க மாட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் பாருங்கள். ஆனால் அக்கா திரும்பி வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.