தைலம் போக மிஞ்சிய வெந்நீர்

ஊட்டி காந்தலில், தபித்தாள் நீலகிரித் தைலம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்பு இனி எரியுமா என்பது அந்தச் சனிக்கிழமை காலையில் தெரிந்துவிடும். ஊட்டி மார்க்கெட்டில் தைலக்கடை வைத்திருக்கும் பாலசுப்பிரமணியம் முடிவு கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் காய்ச்சுவதில் முக்கால்வாசி அவர் கடைக்குத்தான் போகிறது.

கொச்சியில் கப்பலிலிருந்து இறங்கும் வெளிநாட்டுத் தைலம், சுங்கவரியும் மலையேறும் லாரி வாடகையும் சேர்ந்த பிறகும் அவள் தைலத்தைவிட மலிவாக இருந்தது. இலை பறிக்கும் பெண்களின் கூலியையும் விறகுச் செலவையும் அவளால் அதற்குமேல் குறைக்க முடியவில்லை. பாலசுப்பிரமணியம் ஒரு வழி சொல்லியிருந்தார்: அந்தத் தைலத்தைப் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்துவிடலாம், லேபிளை மாற்ற வேண்டாம்.

அன்று விடியலிலிருந்தே சாரல். கொட்டகைக்குப் பின்னால் பக்கெட்டோடு ஆட்கள் நின்றார்கள். தைல ஆவியைக் குளிரவைக்கும் தொட்டித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதிலும் தைல வாசம் இருக்கும். மேல்வலிக்காரர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் அதைச் சும்மாவே கொடுப்பாள். தைலம் விற்றதைவிட அவள் தண்ணீர் ஊற்றியதுதான் அதிகம் என்று கணவன் தனசிங் கேலி செய்வான். அவள் சிரித்துவிட்டு, ஜெபம் சொல்லி அடுப்பைப் பற்றவைப்பாள்.

குல்லாவும் குடையுமாகப் பாலசுப்பிரமணியம் வந்தார்.

"கலக்க மாட்டேனுங்க," என்றாள் தபித்தாள். "லேபிள்ல ஊர் பேரு இருக்குதுங்க. அடுப்ப வேணா அணைச்சுக்கறேன்."

அவர் கெட்டவரில்லை. பெருமூச்சு விட்டு, அப்படியானால் திங்கள் முதல் கப்பல் சரக்குதான் என்றார்.

வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் பாபு பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க மொதலாளி, அப்பறம் நானு எதுக்குங்க உங்க கடைக்கு ஆள் கூட்டிட்டு வரோணும்?"

சுற்றுலா வருகிறவர்கள் நல்ல தைலம் எங்கே கிடைக்கும் என்று கேட்கும்போதெல்லாம், தபித்தாளக்கா காய்ச்சியது அந்தக் கடையில் இருக்கிறது என்று பாபுதான் கொண்டுபோய் இறக்கிவிடுகிறாராம். கமிஷன் வாங்கியதே இல்லை. பெர்ன்ஹில் லாட்ஜில் வேலை செய்யும் உமாராணியும், தானும் அப்படித்தான் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள். அவள் பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

தபித்தாளுக்கு இது புதுச்செய்தி. பாலசுப்பிரமணியத்துக்கும்தான். தன் கடைப் பலகையைப் பார்த்துத்தான் கூட்டம் வருகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். மழையில் நின்றபடி அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு சிரித்தார்.

"வரி, வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்தேன் தபித்தாம்மா. இவங்கள விட்டுட்டேன். இவங்கள எந்தக் கப்பல்ல எறக்குமதி பண்ணுவேன்?"

கப்பல் சரக்கு வேண்டாம் என்று அங்கேயே போன் போட்டுச் சொன்னார். அவள் காய்ச்சும் அத்தனையும் தனக்கே வேண்டும், இரண்டாவது அடுப்புக்கு முன்பணம் தருகிறேன் என்றார். தபித்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னாள். தொட்டியிலிருந்து அவள் சும்மா ஊற்றிய எதையும் கர்த்தர் வீணாக விடவில்லை.

பாலசுப்பிரமணியம் முழங்காலைத் தடவினார். தனக்கும் ஒரு பக்கெட் கிடைக்குமா என்று கேட்டார்.

"வரிசைல வாங்க மொதலாளி," என்றார் பாபு.

அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். தனசிங் அடுப்பில் பெரிய கட்டையாகப் பார்த்து ஒன்றைத் தள்ளினான்.