பைக்குள் அப்பா

ஒடீலியா ஃபுர்த்தாடோவுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு ஆசை. முகம் தெரியாத யாராவது ஒருவர் தன் ஆட்டத்தைக் கடைசிவரை ஆடிக் கண் கலங்க வேண்டும். பரிசெல்லாம் வேண்டாம் என்றாள். அதை நாம் நம்ப வேண்டியதில்லை.

பகலெல்லாம் பிரிஸ்டல் ஊரின் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்த்து, பிறர் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறவள், வீட்டுக்கு வந்தால் கணினியில் எழுத்தாட்டம் எழுத உட்கார்ந்துவிடுவாள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் கதை வரும். ஆடுகிறவர் ‘கதவைத் திற’, ‘விளக்கை எடு’ என்று தட்டினால், கதை அதற்குப் பதில் சொல்லி நகரும். இலையுதிர்காலம் பிறந்தால் இந்தப் பைத்தியங்களுக்கெல்லாம் இணையத்தில் ஒரு போட்டி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் ஆடி மதிப்பெண் போடலாம். எழுதியவர் மட்டும் முடிவு வரும்வரை தன் ஆட்டத்தைப் பற்றிப் பொதுவில் வாயைத் திறக்கக் கூடாது. ஒடீலியாவைப் போன்ற வாயாடிக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை.

போன வருஷம் அவள் ஆட்டத்தைப் பற்றி ஒருவர், ‘கட்டமைப்பு பிரமாதம், ஈரம்தான் இல்லை’ என்று எழுதியிருந்தார். அது முள்ளாய்த் தைத்தது. இந்த முறை அழவைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், ஏறிவரும் கடல். மகள் படகைச் செப்பனிட்டுக் கிளம்ப வேண்டும். கிழட்டு அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். என்ன செய்தாலும் கடைசியில் அவரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தம்பி ஆர்லிண்டோவுக்குத் தெரியும். அவர்களுடைய அப்பா அமடேவும் அப்படித்தான். என் வீட்டுக்கு வந்துவிடு என்று மகள் எத்தனை தடவை கெஞ்சியும், “நான் எங்கேயும் வரமாட்டேன்” என்று சொல்லி, அந்தப் பழைய வீட்டில் தனியாகவே இருந்து, போன குளிர்காலத்தில் தனியாகவே போய்ச் சேர்ந்தார்.

ஆனால் தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் அவன் ஆர்லிண்டோ இல்லை. கடற்கரையில் மட்டிச் சிப்பி வறுவல் கடை வைத்திருப்பவன்; எண்ணெய்ச் சட்டியை விட அவன் வாய் சூடு.

“அக்கா, உன் ஆட்டத்தை ஆடி ஒரே ஒரு ஆள் அழுதாலும், ஜூலை நாலாந்தேதி சுதந்திர தின ஊர்வலத்துல நான் சிங்கி இறால் வேஷம் போட்டு நடக்கிறேன்.”

“நடப்பியாடா?”

“கொடுக்கு ரெண்டும் ஆட்டிக்கிட்டே நடப்பேன். யாரும் அழலன்னா வேஷம் உனக்கு. இடுப்புல கொஞ்சம் தையல் பிரிக்கணும்.”

“உன் நாக்கை வறுத்துக் கடையில விக்கணும்டா.”

ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்தவனும் அவன்தான். ஒடீலியா எழுதிக் கொடுத்த விடைத்தாளை வைத்துக்கொண்டு, அதில் இருந்ததை இருந்தபடியே தட்டி, “பிசிறே இல்லக்கா” என்று சான்றிதழும் கொடுத்துவிட்டான். ஒடீலியாவோ, எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, ரகசியக் கட்டளை ஒன்றைத் தட்டி நேராகப் படகுத்துறைக்குத் தாவி, கடைசிக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப மெருகேற்றிக்கொண்டிருந்தாள். முதல் அறையில் கண்டபடி தட்டினால் என்ன நடக்கும் என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

போட்டி திறந்த மறுநாளே முதல் விமர்சனம் வந்தது. ஹெல்சிங்கியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

‘வழக்கம்போல நுழைந்ததும் “எல்லாவற்றையும் எடு” என்று தட்டினேன். வந்த பதில் இது. விளக்கு: எடுத்தாயிற்று. போர்வை: எடுத்தாயிற்று. அப்பா: எடுத்தாயிற்று. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. அப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றுகிறேன்.’

ஒடீலியாவுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. நடந்தது இதுதான். முதலில் அவள் ஒரு சுவர்க்கடிகாரம் எழுதியிருந்தாள். அவ்வப்போது தானாக அடிக்கும், சாவி கொடுத்தால் ஓடும், கையில் எடுக்கலாம். அப்பாவும் அவ்வப்போது தானாக முணுமுணுக்க வேண்டுமே என்று, அதே கடிகாரத்தைப் பிரதி எடுத்துப் பெயரையும் பேச்சையும் மட்டும் மாற்றியிருந்தாள். அப்பா ஒரு மனிதர் என்று கணினிக்குச் சொல்ல மறந்துபோனாள்.

அப்புறம் கேட்பானேன்! இந்தக் கூட்டத்தில் எந்த ஆட்டத்துக்குள் நுழைந்தாலும் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பைக்குள் போடாமல் யாரும் ஓர் அடி நகர மாட்டார்கள். ஆளாளுக்கு அப்பாவைத் தூக்கினார்கள். ஒருவர் அவரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். ஒருவர் படகின் ஓட்டையில் வைத்து அடைத்துப் பார்த்தார். ஒரு அம்மாள் ‘அப்பாவுக்குச் சாவி கொடு’ என்று தட்ட, ‘நான்கு சுற்றுச் சுற்றியதும் அப்பா டிக் டிக் என்று ஓட ஆரம்பிக்கிறார்’ என்று வந்ததாம். எல்லாவற்றுக்கும் மேல், சுரங்க வழியில் இருட்டில் தவழ்ந்து போகும்போது, பைக்குள்ளிருந்து அவர் தன் பாட்டுக்குச் சொல்வாராம்: ‘நான் எங்கேயும் வரமாட்டேன்.’

ஒடீலியா கடைக்கு ஓடினாள். கோடைப் பருவம் முடிந்து கடை மூடியிருந்தது. ஆர்லிண்டோ தனக்காக மட்டும் மட்டிப் போண்டா பொரித்துக்கொண்டிருந்தான். விமர்சனங்களை வாசிக்க வாசிக்க அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“டிக் டிக்கா? நம்ம அப்பாவா?” கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தான்.

“சிரிக்காதடா பாவி! ஒரு வருஷ உழைப்பு. ஒப்பாரி வைக்க எழுதினேன், ஊரே கூடி கெக்கேபிக்கேன்னு சிரிக்குது.”

“சரி, திருத்திடேன். போட்டி நடக்கும்போதே திருத்தின ஆட்டத்தை ஏத்தலாம்னு சொன்னியே.”

“ஒரே ஒரு வரிதான். எழுதிக் கொண்டுவந்துட்டேன். ஏத்தறதுக்கு முன்னாடி, இதுகள் என்னதான் செய்யுதுன்னு ஒரு தடவை முதல்லேருந்து ஆடிப் பார்க்கறேன். நீ வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் போண்டாவை இப்படித் தள்ளு.”

காபிப் பாகு கலந்த பாலைக் குடித்துக்கொண்டே ஆடினாள். எல்லாவற்றையும் எடுத்தாள். அப்பா பைக்குள் போனார். கிணற்றடியில், ‘இந்த ரொட்டியில் உப்பு இல்லை’ என்றார். விளக்குக் கூண்டின் உச்சியில், ‘கதவைச் சாத்து, குளிருது’ என்றார். அத்தனையும் அமடேவின் வார்த்தைகள். அவளே எழுதி வைத்தவை. நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதற்கென்று எழுதியவை. ஒடீலியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அப்பா மாதிரியே இல்ல?” என்றாள். “அப்பாவேதான்,” என்றான் தம்பி.

படகுத்துறைக்கு வந்தாள். அவள் மெருகேற்றி மெருகேற்றி வைத்திருந்த கடைசிக் காட்சி ஓடியது. படகு விலகுகிறது, தீவு சிறுக்கிறது, திரும்பிப் பார்க்க உனக்குத் தைரியமில்லை. அதன் கீழே, உன்னிடம் இருப்பவை என்று ஆட்டம் வழக்கப்படி பட்டியல் போட்டது.

ஒரு விளக்கு.
ஒரு போர்வை.
அப்பா.

ஒரு வெற்று வரி. பிறகு தானாக ஓடும் அந்த முணுமுணுப்பு, அவளைக் கேட்காமலே, கடைசியாக ஒரு தடவை வந்தது.

‘நான் எங்கேயும் வரமாட்டேன்.’

ஒடீலியா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கூட்டி வந்துவிட்டாளே! கேட்டுக் கேட்டு மாய்ந்தாளே தவிர, பேசாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லையே அவளுக்கு! ஆர்லிண்டோ அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை.

“திருத்தின வரியை என்ன பண்ணப் போற?” என்றான் கடைசியில்.

“அழிச்சிட்டேன்.”

“நல்லது.” மூக்கை உறிஞ்சினான். “அக்கா, ஒரு சந்தேகம். எழுதினவளே அழுதா அது பந்தயத்துல சேருமா?”

அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் மையும் கண்ணீரும். “ஒரே ஒரு ஆள்னுதானடா சொன்ன? நான் ஆள் இல்லாம ஆட்டுக்குட்டியா?”

“போச்சுடா!” என்று அவன் தலையில் கை வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சட்டியிலிருந்த அடுத்த ஈடு போண்டா கருகிப்போனது.

முடிவு வந்தபோது அவள் ஆட்டம் தரவரிசையின் நட்டநடுவில் கிடந்தது. பாதிப் பேர் முழு மதிப்பெண்ணும், மீதிப் பேர் ‘இது ஆட்டமே இல்லை’ என்று அடிமட்ட மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள். ஆகவே, வாக்குகளை அதிகம் பிளந்த ஆட்டத்துக்கான கோணல் கோப்பை அவளுக்கு வந்தது. பெயருக்கேற்ற கோப்பை, எங்கே வைத்தாலும் சாயும்.

ஜூலை நாலாந்தேதி பிரிஸ்டல் ஊரே சிவப்பு, வெள்ளை, நீலத்தில் தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. வாத்தியக் குழுவுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நடுவே ஆர்லிண்டோ சிங்கி இறாலாக நடந்து வந்தான், சொன்னபடி கொடுக்குகளை ஆட்டிக்கொண்டு. பந்தயத்தில் சொல்லாத ஒன்றும் கூட வந்தது. அவன் தோளில் ஒரு பை. அதிலிருந்து ஒரு வைக்கோல் பொம்மை தலையை நீட்டியிருந்தது, தலையில் அப்பாவின் மீன்பிடித் தொப்பி.

“நான் எங்கேயும் வரமாட்டேன்!” என்று அடிக்கொரு தரம் அமடேவின் குரலில் கத்தினான். பக்கத்தில் நடந்த ஒடீலியாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. ஜனங்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கை தட்டினார்கள்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, யாரென்று தெரியாத ஒரு குரல் கத்தியது.

“எல்லாத்தையும் எடு!”

ஒடீலியா நின்றுவிட்டாள். குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொடிகளும் தொப்பிகளும்தான் தெரிந்தன. முகம் தெரியாத யாரோ ஒருவர் அவள் ஆட்டத்தை ஆடியிருக்கிறார். தம்பியின் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி நடந்தாள்.