சொல்லாத வீடு

கரவெட்டியில் சண்டையால் கரண்டு போய் இரண்டாவது வருசம். முருகேசர் ஜெனறேற்றரும் வீடியோ டெக்கும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டிவிட்டுப் படம் போடுவார். அன்று போட்டது ஒரு அண்ணன் தங்கச்சிப் படம். மண்ணெண்ணெய்ப் புகைக்குள் இருந்துகொண்டு சனம் விக்கி விக்கி அழுதது. அழுது முடித்த கையோடு நியாயம் பிளக்கத் தொடங்கியது. எங்கள் சனம் படம் பார்க்கப் போவதில் பாதி அதற்குத்தானே.

மகாதேவி படத்துக்காக வரவில்லை. பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட மகள் அருந்ததியைப் புருசனின் தங்கச்சியின் காவலில் விட்டுவிட்டு, படம் என்றால் விடாத தன் தமையன் கதிரவேலு வருவார் என்றுதான் வந்தாள். பங்குக் காணிக்கு வேலி அடைத்தபோது ஒரு கதியால் கம்பு தள்ளி நடப்பட்டுவிட்டது. அதில் பிடித்த கோபம், மூன்று வருசமாக இரண்டு பேருக்கும் பேச்சுப் பறைச்சல் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அருந்ததிக்குத் தண்ணி வார்ப்புச் சடங்கு. தாய்மாமன் வந்து தலையில் பால் வைத்துத் தண்ணி வார்க்கவேண்டும். இருக்கிற ஒரே மாமன் இல்லாமல் பிள்ளையை எப்படிச் சபையில் இருத்துவது? வீட்டுக்குப் போய்ச் சொல்லவோ பயம். வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டால் அந்த மானக்கேட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

படத்திலும் அதே கண்டறியாத கோபம்தான். தங்கச்சி தன் வீட்டுக் கலியாணத்துக்கு அண்ணனுக்குச் சொல்லவில்லை. அவன் தெருவுக்கு அங்காலே நின்று பார்த்துவிட்டுப் போகிறான். கடைசியில் அவள் தேடி வரும்போது அவன் சாகக் கிடக்கிறான். கையைப் பிடிக்கிறார்கள், படம் முடிகிறது.

"சொல்லாட்டில் என்ன, உள்ளுக்கை போயிருக்கலாம்தானே. சொந்தத் தங்கச்சி வீடு" என்றார் முருகேசர்.

"சொல்லாத வீட்டிலை ஆர் போய்க் கை நனைக்கிறது?" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம்.

முன்னுக்கு இருந்த கதிரவேலு தொண்டையைச் செருமினார். "முருகேசர், அவள் ஊரெல்லாம் சொன்னவள். அண்ணன் வீட்டு வாசலை மட்டும் ஏன் மிதிக்கேல்லை?"

மகாதேவி சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போனால் அண்ணன் முகத்தைத் திருப்புவார் எண்ட பயமாக்கும், அக்கா."

"அப்பிடி ஒரு சீனும் வரேல்லையே. அவளாய் நினைச்சது" என்றார் கதிரவேலு, முருகேசரிடம்.

"அவளாய் நினைக்கேல்லை, அக்கா. ஒழுங்கையிலை கண்டால் குடையைச் சரிச்சு முகத்தை மறைச்சுக்கொண்டு போனவர்தானே அவர்."

படத்தில் அந்த அண்ணன் குடையே பிடிக்கவில்லை. ஒருவரும் திருத்தவும் இல்லை. சின்னத்தங்கம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அது வெயிலுக்குப் பிடிச்சது" என்றார் கதிரவேலு.

இதற்கு மேல் மகாதேவியால் தாங்க முடியவில்லை. சின்னத்தங்கத்தை விட்டுவிட்டு நேரே தமையனைப் பார்த்தாள்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறம். நீங்கள் வந்துதான் வாக்கவேணும்."

கதிரவேலு எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"உதென்ன பழக்கம்? படம் பாக்க வந்த இடத்திலை வைச்சே தாய்மாமனுக்குச் சொல்லுறது? உப்பிடிச் சொன்னால் நான் வரமாட்டன். முறையாய் வீட்டை வந்து சொல்லு. மச்சாளுக்கும் சொல்லவேணும்."

மகாதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்பவே வாறன், அண்ணை" என்று எழும்பினாள்.

"இப்ப வராதை. நீ வரேக்கை நான் அங்கை இருக்கவேணுமெல்லோ" என்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக ஒழுங்கையில் இறங்கினார். அவர் வீடு போய்ச் சேரட்டும் என்று மகாதேவி வேண்டுமென்றே மெல்ல மெல்ல நடந்தாள்.