கன்னத்துத் தடம்

என் கணவர் பாண்டிச்செல்வம் போலீஸ்காரர். அடிபட்ட தடத்தைப் பார்த்தாலே கையா, லத்தியா, பெல்ட்டா என்று சொல்லிவிடுவாராம். அதில் ஒரு பெருமை வேறு. மதுரையில் டூட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தளவாய்புரத்து வீட்டுக்கு வந்தவர், ஐந்து வயது இந்துவைத் தூக்கிய வேகத்தில் இறக்கிவிட்டார். பிள்ளையின் இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன.

"பிள்ளைய எதுக்கு அறைஞ்ச?"

"நான் எங்க அறைஞ்சேன்? ரெண்டு நாளைக்கு முன்னால லேசா காய்ச்சல் அடிச்சது. காலைல எந்திரிக்கையிலயே இப்படித்தான் இருந்தது."

"கைத்தடம் எனக்குத் தெரியாதா? பத்து வருசமா பாக்கேன்."

"அம்மா அடிக்கலப்பா" என்று இந்து அழுதாள். பயத்தில் சொல்கிறாளாம். அதற்கும் நான்தான் காரணமாம். என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். பளாரென்று என் இடது கன்னத்தில் விழுந்தது.

"இனி பிள்ளை உங்கிட்ட இருக்காது. திங்கக்கிழமை வத்திராயிருப்புல எங்கக்கா வீட்டுல விட்டுருதேன்" என்றார். பெற்றவள் நான். செய்யாத குற்றத்துக்குப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவாராம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலையில் இந்துவின் கைகளிலும் தொடைகளிலும் வலை விரித்த மாதிரி சிவப்பு.

"இதையும் நான்தான் அடிச்சேனா, பாத்துச் சொல்லுங்க" என்றேன். பைக்கை எடுத்தார்.

ராஜபாளையத்தில் குழந்தைகளுக்குப் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது ஒரு வைரஸ். பயப்பட ஒண்ணுமில்ல. மொதல்ல அறைஞ்ச மாதிரி கன்னம் செவக்கும், பொறவு கைகாலுக்கு வரும், தானா போயிரும். பிள்ளைய யாரோ அடிச்சுட்டாங்கன்னு நெனச்சு கூட்டிட்டு வாரவங்களும் உண்டு."

"அம்புட்டுதானா" என்று சிரித்தார் என் கணவர். சிரிப்பு வருகிறது பாருங்கள், அந்த மனிதருக்கு.

சீட்டு எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பெரியவங்களுக்கும் ஒட்டும். உங்க கன்னமும் ஒரு மாதிரி இருக்கே. ஆனா ஒரு பக்கம்தான் இருக்கு."

என் கணவரின் கை என் முழங்கையை அழுத்தியது. "எந்திரி, போலாம்."

உதறிவிட்டேன்.

"இது வைரஸ் இல்ல டாக்டர். இவரு அடிச்சது. கைத்தடம் இவருக்கு நல்லாத் தெரியும், சந்தேகம்னா கேட்டுக்கோங்க. பிள்ளைக்கு என்னன்னு எழுதுன மாதிரி எனக்கும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா புதுச் சீட்டு ஒன்றை எடுத்து என் பெயரையும் வயதையும் கேட்டார்.